இரண்டு கோயில்கள், பதினோரு ஆண்டுகள்: இணைய ஊடகம் மலேசிய ஜனநாயகத்தை வளர்த்ததா, கெடுத்ததா?

#1 செம்பனைக்காடு (கிள்ளான்)

2007 அக்டோபர் 30. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயிலை மாநகர் மன்றம் இடித்துத் தள்ளியது. அந்தப் படங்களை நான் பார்த்தது நாளேட்டில் அல்ல, இணையத்தில். நவம்பர் 25 அன்று இந்து உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் பேர் கோலாலம்பூரில் திரண்டார்கள். கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் எதிர்கொண்டன. பத்து மலைக் கோயில் வளாகத்துக்குள்ளேயே புகைக்குண்டு விழுந்தது. அடுத்த மார்ச் 8 பொதுத் தேர்தலில் ஆளும் தேசிய முன்னணிக்கு 222இல் 140 இடங்கள்தான் கிடைத்தன. மூன்றில் இரண்டு பெரும்பான்மை போயிற்று. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தோற்றார். ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்றுதான் மிஞ்சின. இணையப் போரில் தோற்றுவிட்டோம் என்று பிரதமர் அப்துல்லா படாவியே சில வாரங்களில் வெளிப்படையாகச் சொன்னார்.

2018 நவம்பர் 26. சுபாங் ஜெயா, சீஃபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். விடியற்காலையில் வெளியாட்கள் உள்ளே புகுந்தார்கள். மோதல், தீவைப்பு, மறுநாள் இரவும் கலவரம். தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயமடைந்து டிசம்பர் 17 அன்று இறந்தார். இடம் மாற்றுவது பற்றிய நிலத் தகராறு, கைப்பேசி வழியாகச் சில மணி நேரத்தில் இனத் தகராறாகிவிட்டது.

முன்னதில் இணையம் நம்மைக் காப்பாற்றியது, பின்னதில் காலை வாரிவிட்டது என்று நல்லதும் கெட்டதும் சரிபாதி என எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. வளர்த்தது என்பதே என் கட்சி. 2018இல் நாம் பார்த்தது அதே ஊடகத்தின் மறுபக்கம் அல்ல, வேறொரு பொருள் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

#2 ஈப்போ வாசி

ஐயா, முதல் பாதியிலேயே எனக்கு வழக்கு இருக்கிறது.

இணையம் 2008ஐக் கொண்டுவந்தது என்பது தலைநகர்க்காரர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட மாலை. சுங்கை சிப்புட்டில் மைக்கேல் ஜெயகுமார் வலைப்பதிவு எழுதியா வென்றார்? 1999இலும் 2004இலும் அதே தொகுதியில் நின்று தோற்றவர் அவர். தோட்டத்து மக்களின் வீட்டுப் பிரச்சினைக்கும் சம்பளப் பிரச்சினைக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அன்றைக்கு இணையம் ஏது? கைப்பேசி இருந்தது, குறுஞ்செய்தி வந்தது. எங்கே கூடுவது, எத்தனை மணிக்கு பஸ் என்பதெல்லாம் அதில்தான் பரவியது. அப்துல்லா படாவியும் வலைப்பதிவை மட்டும் சொல்லவில்லை, இளைஞர்கள் குறுஞ்செய்தியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சேர்த்தே சொன்னார். அரசாங்க நாளேடுகளையும் தொலைக்காட்சியையும் நம்பியது தவறு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அந்தத் தவறு அவருடையது. அதற்கான பெருமையை ஏன் கணினிக்குக் கொடுக்க வேண்டும்?

கோயில் இடிந்த கோபம் இணையம் வருவதற்கு முன்பும் இருந்தது. இடிபட்ட கோயில்களும் பாடாங் ஜாவாவோடு தொடங்கவில்லை.

#3 நிழல்மரம் (பத்திரிகைத் துறை, ஓய்வு)

கோபம் முன்பும் இருந்தது, உண்மை. ஆனால் ஓர் ஊரின் கோபம் அடுத்த ஊருக்குத் தெரியாமல் இருந்தது. அது எப்படித் தெரியாமல் போனது என்பதைத் துறைக்குள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி ஒவ்வொரு நாளேடும் உள்துறை அமைச்சிடம் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கொடுப்பதும் மறுப்பதும் அமைச்சரின் விருப்பமாக இருந்தது. 1987 அக்டோபர் லாலாங் நடவடிக்கையின்போது நூற்றுக்கும் மேற்பட்டோரை, விசாரணையின்றிச் சிறை வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று நாளேடுகளை மூடினார்கள். மறுபடி திறக்க 1988 மார்ச் ஆனது. அதன் பிறகு எந்த அதிகாரியும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து எந்தச் செய்தியையும் வெட்டவில்லை. வெட்ட வேண்டிய தேவையே வரவில்லை. ஆண்டுதோறும் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிறவன் சுவரில் ஆணி அடிக்கத் தயங்குவான் அல்லவா, அப்படித்தான் நாங்கள் தலைப்புப் போட்டோம்.

இதற்கு மேல் உரிமையாளர் யார் என்ற கேள்வி. ஆளும் கட்சிகளும் அவற்றைச் சார்ந்தவர்களும் பெரிய நாளேடுகளைக் கையில் வைத்திருந்தார்கள். தமிழிலும் அதே கதை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் எந்த அரசியல் குடும்பத்தின் கையில் இருந்தது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் மாற்றுக் குரல் கொடுத்த மக்கள் ஓசை நாளேட்டுக்கு என்ன ஆனது? 2007இல் ஒரு படத்துக்காக ஒரு மாதம் நிறுத்தினார்கள். 2008 தேர்தல் முடிந்து அடுத்த மாதமே உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, எதிர்ப்பு எழுந்த பிறகு கொடுத்தார்கள்.

ஈப்போ தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். லயத்தில் இணையம் இல்லைதான். ஆனால் மலேசியாகினி என்ற இணையச் செய்தித் தளத்தில் வந்ததை யாரோ அச்செடுத்தார்கள். இன்னொருவர் தமிழில் எழுதினார். நகல் கடையில் போட்டுக் கோயில் வாசலில் கொடுத்தார்கள். பேரணிக் காணொளிகள் வட்டுகளாகச் செராமா என்னும் அரசியல் பரப்புரைக் கூட்டங்களில் கைமாறின. நானே வாங்கியிருக்கிறேன். படிப்பவர் கையில் கணினி இருந்ததா என்பது கேள்வியல்ல. எழுதுகிறவர் தலைக்கு மேல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அந்த உரிமம் தொங்கவில்லை என்பதுதான் மாற்றம்.

#4 மதுரைவீதி

வெளியிலிருந்து படிக்கிற எனக்கு ஒரு சந்தேகம். நாளேடுகளை இவ்வளவு இறுக்கிப் பிடித்த அரசு, இணையத்தை மட்டும் ஏன் விட்டது? கவனிக்கவில்லையா?

#5 சட்டப்புத்தகம்

கவனிக்காமல் இல்லை, விற்பனைக்காக விட்டது.

1990களின் நடுவில் அப்போதைய பிரதமர் மகாதீர் பல்லூடகப் பெருவழித் திட்டத்தை அறிவித்தார். உலகின் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் சைபர்ஜெயா நகருக்கு வர வேண்டும் என்பது கனவு. அவர்களைக் கவர்வதற்காக ஓர் உத்தரவாதப் பட்டியலைக் கொடுத்தார்கள். வரிச்சலுகை, வெளிநாட்டு வல்லுநர்களுக்கு அனுமதி, இப்படிப் பலவற்றோடு இணையத் தணிக்கை இருக்காது என்பதும் அதில் ஒன்று. 1998 தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவில் அது எழுத்தாகவே ஏறியது: இந்தச் சட்டத்தின் எதுவும் இணையத்தைத் தணிக்கை செய்ய இடம் தருவதாகக் கொள்ளக் கூடாது. கருத்துச் சுதந்திரத்தின் மேல் காதல் கொண்டு போட்ட வரி அல்ல அது. முதலீட்டாளருக்கு விரித்த கம்பளத்தில் மலேசியாகினி நடந்து வந்துவிட்டது. 1999 நவம்பர் 20 அன்று தொடங்கினார்கள், பொதுத் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு.

ஆனால் தணிக்கை இல்லை என்றால் தண்டனையும் இல்லை என்று பொருளல்ல. 2003 ஜனவரியில் ஒரு வாசகர் கடிதத்துக்காகக் காவல்துறை மலேசியாகினி அலுவலகத்துக்குள் வந்து கணினிகளை அள்ளிக்கொண்டு போனது. 2008 ஆகஸ்டில், உத்தரவாதத்தை மீறி, மலேசியா டுடே தளத்தையே சில வாரங்கள் முடக்கினார்கள். செப்டம்பரில் அதை நடத்திய ராஜா பெத்ராவை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். அதே நாளில் சின் சியூ நாளேட்டின் பெண் செய்தியாளர் ஒருவரையும் பிடித்துப் பல மணி நேரம் வைத்திருந்தார்கள். அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். சட்டம் படித்த இத்தனை ஆண்டுகளில் அதைவிடக் கனிவான கைதை நான் கேள்விப்பட்டதில்லை. நவம்பரில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் ராஜா பெத்ராவை விடுவித்தது.

#6 ஈப்போ வாசி

நல்ல வேளை, ராஜா பெத்ரா பெயர் வந்துவிட்டது. அவர் கைதானபோது நானும் கண்டித்தவன். ஆனால் புதிய ஊடகத்தின் வீரர் என்று அவரை நிறுத்தினால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 2008இல் ஒரு கொலை வழக்கில் அதிகாரத்தின் உச்சியிலிருந்த குடும்பத்தைத் தொடர்புபடுத்திச் சத்தியப் பிரமாணம் செய்தார். நாடே அதைப் பேசியது. 2011இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், அது தனக்கு நேரடியாகத் தெரிந்த செய்தி அல்ல, பிறர் சொன்னது என்றார். இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் அதை உண்மை என்று எத்தனை பேர் மேடையில் முழங்கினார்கள்? ஒரு நாளேட்டில் துணையாசிரியர் ஒருவராவது, ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டிருப்பார். நிழல்மரம் ஐயா, உங்கள் அலுவலகத்தில் கேட்டிருக்க மாட்டார்களா?

#7 நிழல்மரம்

கேட்டிருப்போம். கேட்டுவிட்டு, பதில் சரியாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டோம். அதுதான் துயரம்.

#8 செம்பனைக்காடு (கிள்ளான்)

ஈப்போ தம்பி சொன்னதை மறுக்க முடியாது. ஆனால் ஒருவரை வைத்து ஒரு காலத்தை எடை போட வேண்டாம். அதே 2007இன் இன்னொரு நிகழ்ச்சியைப் பாருங்கள்.

செப்டம்பரில் எதிரணியில் இருந்த அன்வார் இப்ராகிம் ஒரு காணொளியை வெளியிட்டார். வி.கே. லிங்கம் என்ற வழக்கறிஞர் தொலைபேசியில் யாரிடமோ உயர்நிலை நீதிபதிகளின் நியமனம் பற்றிப் பேசுகிறார். மறுமுனையில் இருப்பவர் மூத்த நீதிபதி என்பது குற்றச்சாட்டு. யூடியூபில் ஊரே பார்த்தது. ஒரு வாரத்துக்குள் வழக்கறிஞர் மன்றம் புத்ராஜெயாவில் நீதிக்கான நடைப்பயணம் நடத்தியது. கறுப்புக் கோட்டோடு வெயிலில் நடந்தவர்களின் படத்தை மறக்க முடியாது. அரசு வேறு வழியின்றி அரச விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையத்தின் முன் லிங்கம் சொன்ன பதில் இன்னமும் கேலிக்குரியதாக இருக்கிறது: என்னைப் போல் தெரிகிறது, என் குரல் போல் கேட்கிறது. 2009இல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் உண்டு, அதைச் சட்டப்புத்தகம் நண்பர் சொல்வார். ஆனாலும் காணொளி வெறும் கூச்சலாக முடியாமல் ஆணையமாகி, ஆணையம் சட்டமாகியிருக்கிறது. வழியெல்லாம் பெயரும் முகவரியும் உள்ள மனிதர்கள் நின்றார்கள். ஜனநாயகத்துக்குத் துணை என்று நான் சொல்வது இதைத்தான்.

எங்கள் ஊரையும் சொல்கிறேன். கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் இண்ட்ராஃபின் மனோகரன் கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே வென்றார். வேட்பாளர் ஒரு வாக்காளரின் கையைக்கூடக் குலுக்கவில்லை.

#9 மதுரைவீதி

மகாதீர் இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்? 1987இல் நாளேடுகளை மூடியவர் அல்லவா?

#10 சட்டப்புத்தகம்

2008 மே மாதம் சொந்தமாக வலைப்பதிவு தொடங்கினார். பதவியில் இல்லாத அவருடைய கருத்தைப் பெரிய நாளேடுகள் சரியாகப் போடவில்லையாம்.

#11 கேமரன் தேயிலை

வணக்கம். நீங்கள் எல்லாரும் 2008ஐப் பேசுகிறீர்கள். அப்போது நான் பாலர் பள்ளியில் இருந்தேன். என் முதல் வாக்கு 2022 நவம்பர் 19. பதினெட்டு வயதினருக்கு வாக்குரிமை கிடைத்து நடந்த முதல் பொதுத் தேர்தல் அது.

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. யார் பிரதமர் என்று தெரியாத அந்த நாள்களில் டிக்டாக்கைத் திறந்தால் மே 13. 1969 இனக் கலவரத்தை நினைவூட்டும் காணொளிகள், கத்தியோடு மிரட்டும் முகங்கள். நான் எதையும் தேடவில்லை, யாரையும் பின்தொடரவில்லை. சமையல் குறிப்புக்கும் நாய்க்குட்டிக்கும் நடுவில் அவை தாமாக வந்து நின்றன. அம்மா என்னைத் தனியாகக் கடைக்கு அனுப்ப மறுத்தார். காவல்துறை எச்சரித்தது. டிக்டாக் நிறுவனம் தீவிரக் கண்காணிப்பில் இருப்பதாகவும் விதி மீறிய காணொளிகளை நீக்குவதாகவும் அறிக்கை விட்டது. அதற்குள் என் வகுப்பில் பேசாமல் போன நண்பர்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். அந்தத் தேர்தலில் இஸ்லாமியக் கட்சியான பாஸ் தனிப்பெரும் கட்சியாக வந்ததும் டிக்டாக்கால் ஜனநாயகம் கெட்டது என்று பெரியவர்கள் பேசினார்கள். எனக்குப் பிடிக்காத கட்சிதான். ஆனால் இளையவர்கள் இருக்கும் இடத்துக்குத் தேடி வந்து பேசினார்கள், வாக்கு வாங்கினார்கள். 2008இல் உங்களுக்குப் பிடித்தவர்கள் வலைப்பதிவில் செய்தால் அது விடுதலை, 2022இல் பிடிக்காதவர்கள் குறுங்காணொளியில் செய்தால் அது சீர்கேடா? பரப்புரை வேறு, மே 13 மிரட்டல் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

#12 ஈப்போ வாசி

தங்கை சொன்னதற்கு என் முழு ஆதரவு. இந்த இழையில் இதுவரை வந்ததில் நேர்மையான பதிவு இது.

#13 செம்பனைக்காடு (கிள்ளான்)

எனக்கும் அதில் மறுப்பில்லை அம்மா. நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொள்கிறேன்: தேடவில்லை, தாமாக வந்து நின்றன.

2007இல் மலேசியாகினியைப் படிக்க நான் முகவரியைத் தட்ட வேண்டும், சந்தா கட்ட வேண்டும். வலைப்பதிவைப் படிக்க அந்த எழுத்தாளரைத் தேடிப் போக வேண்டும். அவர் பொய் சொன்னால் அவர் பெயருக்குத்தான் கேடு. ராஜா பெத்ராவை இன்றுவரை ஈப்போ தம்பி பெயர் சொல்லிக் கேள்வி கேட்க முடிகிறது. மே 13 காணொளியை உங்கள் திரைக்கு அனுப்பியது யார்? பதிவேற்றியவர் பெயரில்லாதவர். அதைப் பல்லாயிரம் பேருக்குப் பரிந்துரைத்தது ஒரு நிறுவனத்தின் கணக்கு. பார்ப்பவர் எத்தனை நொடி நிற்கிறார் என்பதைத் தவிர அந்தக் கணக்குக்கு வேறு கவலை இல்லை. இரண்டையும் ‘புதிய ஊடகம்’ என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் துணையா இடைஞ்சலா என்று குழம்புகிறோம்.

#14 ஈப்போ வாசி

சீஃபீல்டு இதில் பொருந்தவில்லையே ஐயா. 2018இல் அங்கே ஓடியது டிக்டாக் கணக்கு அல்ல, பெரும்பாலும் வாட்ஸ்அப். எந்த நிறுவனமும் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. மாமா மருமகனுக்கு அனுப்பினார், மருமகன் கோயில் குழுவுக்கு அனுப்பினார், எதிர்ப்பக்கத்தில் அவர்களுடைய மாமாவும் மருமகனும் அதையே செய்தார்கள். அடிப் எப்படிக் காயமடைந்தார் என்று மருத்துவர்களுக்கே தெளிவில்லாத நேரத்தில், யார் செய்தது என்று கைப்பேசிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டன. மரண விசாரணை நீதிமன்றம் முடிவு சொல்ல 2019 செப்டம்பர் ஆனது. அடையாளம் தெரியாத இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் குற்றச் செயல் என்பதுதான் அந்த முடிவு. யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் எந்த இனம் என்று 2018லேயே நமக்கு அனுப்பி வைத்தார்கள்.

எல்லாப் பழியையும் நிறுவனத்தின் மேல் போட்டால், அனுப்பிய கை தப்பித்துவிடும். உங்கள் கையும் என் கையும்.

#15 நிழல்மரம்

தம்பி சொல்வது சரி. ஆனாலும் ஒரு விஷயம் சேர்க்கிறேன். வதந்தி ஓடிய அந்த இரவில் மக்கள் நம்பக்கூடிய செய்தி எங்கே இருந்தது? முப்பது ஆண்டுகள் நாங்கள் உரிமத்துக்குப் பயந்து எழுதியதால், நாளேடு சொன்னால் அரசாங்கம் சொல்கிறது என்று மக்கள் பழகிவிட்டார்கள். இது நிலத் தகராறு, இனத் தகராறு அல்ல என்று அரசு அறிவித்தது, உண்மையைத்தான் சொன்னது. நம்ப ஆள் இல்லை. மாமாவின் செய்தியை நம்பினார்கள். நாளேடுகளை முடக்கியதன் பலனை நாளேடுகள் இல்லாத இடத்தில் அறுவடை செய்தோம்.

#16 மதுரைவீதி

எங்கள் பக்கம் 2018இல் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதைப் பற்றியும் பேசினால் என்ன...

#17 நெறியாளர்

பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் தனி இழையில். இது மலேசியாவைப் பற்றியது. தேர்தல் கட்சிகளை வசைபாடிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

#18 சட்டப்புத்தகம்

செம்பனை ஐயாவின் கருத்தைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். இந்த நாட்டில் பொய்ச் செய்தியைத் தடுக்கிறோம் என்று வந்த ஒவ்வொரு சட்டமும் யாரைப் பிடித்தது என்று வரிசையாகப் பாருங்கள்.

2015 ஜூலை. ஒன்எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணம் பற்றி எழுதிய சரவாக் ரிப்போர்ட் தளத்தை முடக்கினார்கள். தி எட்ஜ் ஏட்டை மூன்று மாதம் நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைப் பிறகு ரத்து செய்தது. 2016இல் மலேசியன் இன்சைடர் செய்தித் தளத்தை முடக்கினார்கள், சில வாரங்களில் அது மூடியே போனது. அப்போது அவர்கள் எழுதியது பொய் என்றார்கள். பின்னால் அதே விவகாரத்தில்தான் அன்று பிரதமராக இருந்த நஜிப் தண்டிக்கப்பட்டு 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போனார்.

2018 ஏப்ரல். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு பொய்ச் செய்தி தடுப்புச் சட்டம். ஆறு ஆண்டு சிறை, ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம். முதலில் தண்டிக்கப்பட்டவர் யார் தெரியுமா? கோலாலம்பூரில் நடந்த ஒரு கொலைக்குக் காவல்துறை தாமதமாக வந்தது என்று யூடியூபில் சொன்ன ஒரு டென்மார்க் குடிமகன். அடுத்த ஆண்டு இறுதியில் சட்டம் ரத்தானது, 2021இல் அவசரகாலச் சட்டமாக வேறு உடையில் திரும்பி வந்தது.

அடுத்து மலேசியாகினி வழக்கு. 2020 ஜூனில் ஒரு செய்தியின் கீழ் வாசகர்கள் ஐந்து பேர் நீதித்துறையைத் தாக்கிப் பின்னூட்டம் இட்டார்கள். காவல்துறை தொடர்புகொண்ட சில நிமிடங்களில் தளம் அவற்றை நீக்கியது. ஆனாலும் சட்டத்துறைத் தலைவர் நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடர்ந்தார். 2012இல் சாட்சியச் சட்டத்தில் நுழைத்த 114ஏ பிரிவு இருக்கிறதே, அதன்படி ஒரு தளத்தை நடத்துபவர் அதில் உள்ள எல்லாவற்றையும் வெளியிட்டவராகவே கருதப்படுவார். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. 2021 பிப்ரவரி 19 அன்று கூட்டரசு நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. தலைமை ஆசிரியர் ஸ்டீவன் கானை விடுவித்தது. அரசுத் தரப்பு கேட்டது இரண்டு லட்சம், நீதிமன்றம் விதித்தது ஐந்து லட்சம் ரிங்கிட். வாசகர்கள் சில மணி நேரத்தில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர், நாளேடு ஒன்று, பெயரும் வாடகைக் கட்டடமும் உள்ள இணையத் தளங்கள். சட்டம் பிடித்ததெல்லாம் கதவைத் தட்டினால் திறக்கக்கூடியவர்களை. சீஃபீல்டு வதந்தியைத் தொடங்கி வைத்தவருக்குக் கதவே இல்லை.

#19 நிழல்மரம்

வழக்கறிஞர் தம்பியோடு ஓர் இடத்தில் முரண்படுகிறேன். நாளேட்டில் வாசகர் கடிதம் வெளியிட்டால் பொறுப்பு ஆசிரியருடையது. அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. பின்னூட்டத்தால் கூட்டம் வருகிறது, கூட்டத்தால் வருமானம் வருகிறது. பொறுப்பு மட்டும் வராது என்றால் எப்படி? அபராதத் தொகை கொடுமை, ஒத்துக்கொள்கிறேன். கொள்கை தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

#20 சட்டப்புத்தகம்

ஐயா, நீங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினீர்கள். பின்னூட்டம் யாரும் படிக்கும் முன்பே ஏறிவிடுகிறது. எல்லாவற்றையும் முன்கூட்டிப் படி என்றால் சிறிய தளங்கள் பின்னூட்டப் பகுதியை மூடும், அவ்வளவுதான். பேச விரும்புகிறவர்கள் எங்கே போவார்கள்? முகநூலுக்கும் டிக்டாக்குக்கும். அங்கே யார் ஆசிரியர்?

#21 நிழல்மரம்

அப்படியானால் அங்கேயும் பொறுப்பைக் கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். இங்கே அவிழ்க்க வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

#22 செம்பனைக்காடு (கிள்ளான்)

கட்டத் தொடங்கிவிட்டார்கள் ஐயா. 2025 ஜனவரி 1 முதல், இங்கே எண்பது லட்சம் பயனருக்கு மேல் உள்ள சமூக ஊடக, செய்தி அனுப்பும் செயலி நிறுவனங்கள் மலேசிய உரிமம் பெற வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். மோசடி, சிறுவர் பாதுகாப்பு, இணையத் துன்புறுத்தல் என்று அரசு காரணம் சொல்கிறது. காரணங்கள் பொய்யல்ல. முதல் முறையாகச் சட்டம் பெரிய கதவைத் தட்டுகிறது என்று மகிழலாம். ஆனால் கையில் வைத்திருக்கும் ஆயுதம்? ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அதே உரிமம். நாளேடுகளை அது என்ன செய்தது என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் செய்தியாசிரியர் உரிமத்துக்குப் பயந்தார் என்றால், டிக்டாக்கின் அதிகாரி எதற்குப் பயப்படுவார்? மே 13 காணொளிக்கா, அமைச்சரைக் கிண்டல் செய்த காணொளிக்கா? எது அமைச்சருக்கு முதலில் கசக்குமோ அது முதலில் மறையும்.

நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டும், ஆம். எதைப் பரிந்துரைத்தீர்கள், எத்தனை பேருக்கு, எப்போது நீக்கினீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்பது அமைச்சரின் கையெழுத்தாக இருக்கக் கூடாது. நாடாளுமன்றக் குழுவாகவோ நீதிமன்றமாகவோ இருக்கட்டும்.

#23 ஈப்போ வாசி

நாடாளுமன்றக் குழு கேட்டால் டிக்டாக் பயந்துவிடுமா ஐயா? உரிமம் என்றால் குறைந்தது ஓர் அலுவலகமாவது திறப்பார்கள். என் அத்தை மோசடிக்காரனிடம் சேமிப்பை இழந்தபோது புகார் கொடுக்க ஒரு மனித முகம் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கருத்துச் சுதந்திரம், எங்கள் குடும்பத்துக்கு ஓய்வூதியப் பணம். நான் உரிமத்தை ஆதரிக்கிறேன். அமைச்சர் தவறாகப் பயன்படுத்தினால் அமைச்சரை மாற்றுவோம். 2008இலும் 2018இலும் அதைத்தானே செய்தோம்?

#24 செம்பனைக்காடு (கிள்ளான்)

மாற்றினோம். மாறி வந்தவர்களும் 1984 சட்டத்தை எடுக்கவில்லையே தம்பி. 2012இல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி போனது, உரிமம் கொடுக்கும், பறிக்கும் அதிகாரம் இன்னும் அமைச்சரிடமே இருக்கிறது. எதிர்க்கட்சியில் இருந்தபோது அந்தச் சட்டத்தைத் திட்டியவர்கள் அமைச்சரானதும் அதன் பயனைக் கண்டுகொண்டார்கள். உங்கள் அத்தைக்கு நடந்தது கொடுமை. அதற்கு மோசடித் தடுப்புச் சட்டம் கேளுங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன். பேச்சுக்கு உரிமம் கேட்காதீர்கள்.

#25 ஈப்போ வாசி

இந்த ஒன்றில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. 1984 சட்டத்தை எடுக்க வேண்டும் என்பதில் மட்டும் உங்களோடு நிற்கிறேன்.

#26 கேமரன் தேயிலை

ஒரு கேள்வி. மே 13 காணொளிகளைப் போட்டவர்களில் எத்தனை பேர் மீது வழக்கு நடந்தது, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டார்களா? பதில் எங்கே கிடைக்கும்?

#27 சட்டப்புத்தகம்

மக்களவை நடவடிக்கைக் குறிப்புகள் நாடாளுமன்றத் தளத்தில் மலாயில் இருக்கின்றன, தேதி வாரியாகத் தேடலாம். 2022 டிசம்பர் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். கேட்கப்படவில்லை என்றால் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். எழுத்து மூலக் கேள்வியாக அவர் அமைச்சிடம் கேட்க முடியும். கடிதத்தை வரைந்து தர நான் தயார்.

#28 கேமரன் தேயிலை

நன்றி அண்ணா. வரைவை இன்றிரவு அனுப்புகிறேன். சீஃபீல்டு வதந்திகளைப் பற்றியும் ஒரு கேள்வி சேர்க்கிறேன்.